பலம் என்ற இடத்தில் எழுதியது

என் மகள் விளையாடுவது ஐஸ் ஹொக்கி. பாரிஸில், லா சப்பலில் நான் வேலை செய்யும் தமிழ்க் கடையில் இதைச் சொன்னால் முதலில் சிரிப்பார்கள், பிறகு பல்லைப் பற்றிக் கேட்பார்கள். "பொம்பிளைப் பிள்ளைக்கு முன்பல்லு ரெண்டு போச்செண்டா ஆர் அண்ணை பொறுப்பு?" என்று மரக்கறி வாங்க வந்த ஒருவர் கேட்டார். முகத்துக்குக் கம்பிவலை போட்ட தலைக்கவசம் இருக்கிறது என்று சொல்ல நினைத்தேன். வாழைக்காயை நிறுத்துக் கொடுத்தேன். எனக்குப் பேச்சு மெதுவாகத்தான் வரும். வரும்போது கேட்டவர் போயிருப்பார்.

பள்ளிக்கூடத்தில் இருந்து வகுப்போடு பனித்தளத்துக்குக் கூட்டிப்போனதில் எல்லாம் தொடங்கியது. அப்போது அவளுக்குப் பத்து வயது. சனிக்கிழமை பின்னேரங்களில் எனக்குக் கடையில் ஓய்வு. மனைவிக்கு ஹோட்டலில் அறைகள் துப்புரவு செய்யும் வேலை அன்றைக்குத்தான் அதிகம். அதனால் ஆட்டங்களுக்கு நான் மட்டும் போவேன். மற்றத் தாய் தகப்பன்மார் கோப்பி வாங்கிக்கொண்டு கூட்டமாக நிற்பார்கள். வணக்கம் சொல்வேன், அவர்களும் சொல்வார்கள். அதற்குப் பிறகு என்ன சொல்வது என்று இந்த நாட்டில் இருபது வருடம் இருந்தும் எனக்குத் தெரியாது. மேல் வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் போய் இருப்பேன். குளிர் கால் வழியாக ஏறும்.

பேச ஆள் இல்லாததால் பார்த்தேன். முதல் வருடம் எல்லோரையும் போல நானும் அந்தக் கறுத்த ரப்பர் வட்டின் பின்னால் கண்ணை ஓட்டிக்கொண்டிருந்தேன். பிறகு வட்டை விட்டுவிட்டு அவளை மட்டும் பார்க்கப் பழகினேன். அந்த வயதில் பையன்களும் பெண்பிள்ளைகளும் கலந்துதான் ஆடுவார்கள்; அவள் தடுப்பாட்டக்காரி. எதிர் அணி பாய்ந்து வரும்போது அவர்களுக்கு முகம் கொடுத்தபடியே பின்பக்கமாகச் சறுக்கிப் போக வேண்டும். பதினொரு வயதில், பக்கத்தில் ஒருவரும் இல்லாமலே விழுவாள். பன்னிரண்டில் விழுவது நின்றது. ஆனால் வட்டு போன இடமெல்லாம் தானும் ஓடித் தன் இடத்தைக் காலியாக விட்டுவிடுவாள். பதின்மூன்றில் ஒரு நாள், மூலைக்குள் போன வட்டை எடுக்கப் போனவள், அதைத் தொட முன்னர் தோளுக்கு மேலால் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள். ஒரு தரம் இடது, ஒரு தரம் வலது. வட்டு மட்டையில் பட்டதும் நிமிராமலே தன் அணிப் பிள்ளைக்குத் தள்ளிவிட்டாள். துரத்தி வந்த பையன் தளத்தைச் சுற்றியிருக்கும் வெறும் பலகைச் சுவரில் மோதினான். யாரும் கைதட்டவில்லை. கைதட்டுகிற விஷயம் இல்லை அது. நான் எழும்பி நின்றுவிட்டேன். பக்கத்தில் திரும்பிச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை.

அவள் நன்றாக ஆடும் நாளில் அவளை ஒருவரும் கவனிப்பதில்லை. இதை விளங்க எனக்கு இன்னொரு வருடம் எடுத்தது. எதிராளியை அவள் இடித்து விழுத்துவது குறைவு. அவன் போக விரும்பும் இடத்தில் முதலே போய் நின்றுவிடுவாள். அவன் வேறு வழியில்லாமல் ஓரத்துக்குப் போவான், அத்தோடு அந்தப் பாய்ச்சல் முடிந்துவிடும். குறைகளும் தெரியும். பின்பக்கமாகச் சறுக்கிக்கொண்டு இடப்பக்கம் திரும்பும்போது பிந்துவாள். ஒரு பிழை விட்டால் தலை குனிந்துவிடும். வெளியே போய் இளைப்பாறி அடுத்த முறை இறங்கும்போதும் அது நிமிராது.

அவளுக்குப் பதினான்கு வயதானபோது, பயிற்சியாளர் எங்களுக்கு ஒரு செய்தி சொன்னார். அவர் ஓர் இளம் பெண். மலைப்பக்கத்து ஊர் ஒன்றில், படிப்பும் ஹொக்கியும் சேர்ந்த விடுதிப் பள்ளி இருக்கிறது, தடுப்பாட்டத்துக்கு ஒரு இடம் காலியாகிறது என்றார். மகள் அன்றிலிருந்து வேறு ஒன்றும் கதைக்கவில்லை. சாப்பிடும்போதும் அந்த ஊரின் படங்களைத் தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வரும் பிரெஞ்சுக் கடிதங்களை எல்லாம் அவள்தான் வாசித்து நிரப்புவாள். இந்தப் படிவத்தில் மட்டும் ஒரு பக்கம், பிள்ளையின் உதவி இல்லாமல் பெற்றோரே எழுத வேண்டும் என்று இருந்தது. உங்கள் பிள்ளையின் பலம் என்ன, எதில் முன்னேற வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் குசினி மேசையில் இருந்து எழுதினேன். பலம் என்ற இடத்தில், நேரத்துக்குப் போவாள், மரியாதை தெரிந்த பிள்ளை என்று எழுதினேன். அதற்கு மேல் கை போகவில்லை. எங்கள் ஆட்கள் சொந்தப் பிள்ளையைத் தாங்களே புகழ்வதில்லை. நாவூறு பட்டுவிடும் என்ற பயம் பாதி, வெட்கம் பாதி. எங்கள் பிள்ளை பெரிதாகப் படிக்க மாட்டாள் என்று நாங்கள் சொல்வோம். சும்மா இருங்கோ, அவளைப் போல ஆர் இருக்கினம் என்று வந்தவர் சொல்வார். குறை எங்கள் பங்கு, நிறை கேட்பவர் பங்கு. அதனால் முன்னேற வேண்டியவை என்ற இடத்தில் கோடுகள் முடிந்து ஓரத்திலும் எழுதினேன். இடப்பக்கத் திருப்பம், தலைகுனிவு, தயக்கம், உயரமான பிள்ளைகள் வந்தால் ஒதுங்குவது, எல்லாம். ஒழுங்காக எழுதிவிட்டேன் என்ற திருப்தியோடு தபாலில் போட்டேன்.

நேர்முகம் பனித்தளத்தில் இருந்த சின்ன அறையில் நடந்தது. விடுதிப் பள்ளியில் இருந்து வந்த நரைத்த பெண்மணி, பயிற்சியாளர், மகள், நான். அந்தப் பெண்மணி என் பக்கத்தை எடுத்துச் சத்தமாக வாசித்தார். என் பிழையான பிரெஞ்சு அவர் வாயில் திருத்தமாக வந்தது. திருத்தமாக வந்தபோது இன்னும் கடுமையாக இருந்தது. வாசித்து முடித்து, உன் அப்பா உன்னிடம் விளையாட்டில் நல்லதாக ஒன்றும் காணவில்லை போலிருக்கிறதே, நீ என்ன நினைக்கிறாய் என்று மகளைக் கேட்டார்.

நான் கேட்பவர் பங்குக்காகக் காத்திருந்தேன். அப்படியில்லை என்று யாராவது சொல்வார்கள். பயிற்சியாளர் என்னைப் பார்த்தார், பிறகு மேசையைப் பார்த்தார்.

மகள் பிரெஞ்சில் சொன்னாள். "அப்பா ஒரு ஆட்டத்தையும் தவறவிட்டதில்லை. அவர் அப்படிச் சொன்னால் அது சரியாகத்தான் இருக்கும்."

தலை குனிந்திருந்தது.

பெண்மணி தாளை மற்றத் தாள்களின் கீழே வைத்தார். நான் "இல்லை" என்றேன். நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. மேசையில் கிடந்த பேனாவையும் இரண்டு கோப்பிக் குவளை மூடிகளையும் இழுத்து வைத்தேன். இது சுவர், இது இவள், இது துரத்தி வருகிற பிள்ளை. தொட முன்னர் இரண்டு தரம் பார்க்கிறாள் என்று தோளைத் திருப்பிக் காட்டினேன். எதிராளி போக முன்னர் அவள் அங்கே நிற்பதையும் மூடியை நகர்த்திக் காட்டினேன். வினைச்சொல் எல்லாம் பிழை. பெண்மணி இடையில் நிறுத்தி, எப்போதிருந்து இப்படிப் பார்க்கிறாள், யார் பழக்கியது என்று கேட்டார். பதின்மூன்று வயதில் இருந்து, ஒருவரும் பழக்கவில்லை என்றேன். இன்னும் எவ்வளவு வளர்வாள் என்று கேட்டார். அது எனக்குத் தெரியாது, இடப்பக்கம் திரும்புவதை நீங்கள் பழக்கலாம், இப்படிப் பார்ப்பதைப் பழக்க முடியுமா தெரியாது என்றேன். அவர் எழுதிக்கொண்டார். நான் மகளின் பக்கம் பார்க்கவில்லை.

ரயிலில் திரும்பினோம். கார் து நோர் நிலையத்தில் இறங்கி, ரூ பெர்தொனே தெரு வழியாகச் சனத்துக்குள் நடக்கும்போதுதான் கேட்டாள்.

"இதெல்லாம் எப்ப பாத்தனீங்கள்?"

"எப்பவும்தான்."

"பிறகேன் ஒரு நாளும் சொல்லேல்லை?"

"சொல்லப்படாது பிள்ளை."

"ஆருக்கு? எனக்குமோ?"

நகைக்கடை வாசலில் ஒரு குடும்பம் வழியை மறித்து நின்றது. நான் அதைச் சுற்றிப் போனேன். ஹொக்கிப் பையை இழுத்துக்கொண்டு அவள் முன்னால் போனாள்.

இடம் கிடைத்தது. ஒரு வருடத்துக்குத்தான், பிறகு மீண்டும் பார்ப்பார்கள். கையெழுத்துப் போடும்போது, என் வாயால்தான் வீட்டைக் காலியாக்கினேன் என்று தோன்றியது. அவள் கோடை முடிவில் போனாள். சனிக்கிழமை இனி உங்களுக்கு என்ன வேலை என்று முதலாளி கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். இப்போது சனிக்கிழமையும் கடையில் நிற்கிறேன்.

ஞாயிறுகளில் அவள் ஆட்டத்தின் வீடியோப் படத்தை அனுப்புவாள். தூரத்தில் ஒரே இடத்தில் வைத்த கமெரா, சட்டை இலக்கங்கள் தெரியாது. சறுக்கும் விதத்தில் அவளைக் கண்டுபிடித்துவிடுவேன். முதல் படம் வந்த அன்று தொலைபேசியில் கேட்டாள், எப்படி என்று. இடப்பக்கத் திருப்பம் இன்னும் பிந்துகிறது என்றேன். "வேற?" என்றாள்.

"நல்லா விளையாடினனீ," என்றேன்.

"சரி அப்பா," என்று மெதுவாகச் சொன்னாள். சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டாள்.

மனைவி வேலையால் வர நேரம் இருந்தது. படத்தைத் திரும்பப் போட்டேன். மகள் இளைப்பாற வெளியே போகும்போது படத்தை விட்டும் போய்விடுவாள். ஆட்டக்காரர் இருக்கும் வாங்கு கமெராவுக்குள் வராது. அவள் மீண்டும் இறங்கும் வரை, முன்பின் தெரியாத பிள்ளைகளின் விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.