புளி போட்டுத் தேய்த்த பலகை

வண்ணக் கண்ணாடிப் பலகை என்றால் எல்லாரும் கண்ணாடியைத்தான் பார்ப்பார்கள். சிவப்பு, நீலம், வெயில் பட்டால் தரையில் விழும் நிறம். அந்தத் துண்டுகளைக் கோத்துப் பிடித்திருக்கும் ஈயப்பட்டையை யாரும் பார்ப்பதில்லை. நான் பார்த்தவள். தஞ்சாவூர் ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் எட்டு வருஷம் அந்த ஈயத்தைத் தேய்த்துப் பிழைத்தேன்.

பட்டறைக்காரர் கிறிஸ்தவர். மாதாகோயில் ஜன்னல்களைச் சரிசெய்வது அவர் அப்பா காலத்துத் தொழில். கண்ணாடி வெட்டுவதும் பற்றவைப்பதும் அவர். அதற்கு மேல் எல்லாம் நான். இடுக்குகளில் புட்டிப் பசை அடைத்து, சாக்கட்டிப் பொடி தூவி, தூரிகையால் துடைத்தெடுக்க வேண்டும். பற்றவைத்த இடத்து முடிச்சுகளை இரும்புச் சுருளால் வழவழப்பாக்க வேண்டும். பிறகு மயில்துத்தம் கரைத்த தண்ணீரைத் துணியில் தொட்டு ஈயத்தின் மேல் ஓட்ட வேண்டும். பல்லிளிக்கிற வெள்ளை, செம்பு நிறமாகும். இன்னொரு கை ஓட்டினால் பழுத்த கருப்பாகும். எங்கே நிறுத்துவது என்பது கைக்குத்தான் தெரியும். கழுவி, மரத்தூளில் ஈரம் வாங்கி, மெழுகு போட்டு, பழைய வேட்டித் துணியால் தேய்த்தால் ஈயக்கோடு கண்ணுக்கு மை தீட்டியதுபோல நிற்கும்.

எனக்குச் சொந்த ஊர் கீழ்வேளூர் பக்கம். எங்கள் குடிசை மிராசுதார் நிலத்தின் ஓரத்தில், வாய்க்கால் கரையில் இருந்தது. குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்த சமயம். தாலுக்கா ஆபீசிலிருந்து வந்து யார் எங்கே இருக்கிறார்கள் என்று எழுதப்போகிறார்கள் என்று பேச்சு. அவர்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்னால், பட்டப்பகலில், மிராசுதாரின் ஆட்கள் வந்து கூரையைப் பிரித்தார்கள். சுவரைத் தள்ளினார்கள். அம்மா சட்டிபானையை நடவு வயலில் பொறுக்கிக்கொண்டிருக்கும்போதே மண்ணை உழுது உளுந்து தெளித்தார்கள். அவர்களை ஏவிக்கொண்டு குடை பிடித்து நின்றவர் மிராசுதாரின் காரியஸ்தர். ஆபீசர் வந்து பார்த்துவிட்டு, “இங்க உளுந்துல்ல முளைச்சிருக்கு, குடிசை எங்கம்மா இருக்கு?” என்று என் அம்மாவையே கேட்டார்.

அந்த மிராசுதார் முன்பு கதர்ச் சட்டைக்காரர். ஆட்சி மாறியதும் கரை வேட்டிக்கு மாறிக்கொண்டார். எங்களைத் துரத்திய அதே மாதம் கீழ்வேளூரில் மேடை போட்டு, மனிதனில் மேல் கீழ் கிடையாது என்று ஒலிபெருக்கியில் முழங்கினார். கூட்டத்தில் நானும் நின்று கேட்டேன். கை தட்டினார்கள். இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

தஞ்சாவூருக்கு வந்து நாலாவது வருஷம், பட்டறைக்கு ஒரு பெரிய வேலை வந்தது. “திருவையாறு ரோட்டுல புது பங்களா. பூஜை ரூம் கதவுக்கு மேல வைக்கணுமாம்” என்றார் பட்டறைக்காரர். தாமரையும் நெற்கதிரும் போட்ட பலகை. யாருடைய பங்களா என்று நான் கேட்கவில்லை. பத்து நாள் தேய்த்தேன். கதிரின் ஒவ்வொரு மணியையும் சுற்றி மெல்லிய ஈயம். முடிச்சு முடிச்சாகச் சுருள் போட்டு விரல் நுனி எரிந்தது. நான் செய்த வேலைகளில் அதுதான் நல்ல வேலை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

பலகையை எடுத்துப்போக வந்தவர் அந்தக் காரியஸ்தர். குடை இல்லை, அவ்வளவுதான். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. பலகையைப் பார்த்து, “ஆகா, நல்லா கருப்பு ஏத்தியிருக்கீங்க” என்று குனிந்தவர், கையில் துணியோடு நின்ற என்னைப் பார்த்தார்.

“எந்த ஊரு நீ?”

சொன்னேன்.

“அந்த ஊர்ல எந்தத் தெரு?”

நான் வாய் திறப்பதற்குள் பட்டறைக்காரர் குறுக்கே விழுந்தார். “அது சும்மா கூட்டிப் பெருக்குற பொண்ணுங்க. பலகைப் பக்கமே வராது.”

கையிலிருந்த துணியைப் பலகையின் மேலேயே வைத்தேன்.

“பொய்ங்க” என்றேன். “இந்தப் பலகையில ஈயத்தத் தேச்சது, கருக்குனது, மெழுகு போட்டது எல்லாம் நாந்தான். பத்து நாளா என் கைதான் பட்டிருக்கு. தெருவக் கேட்டீங்கள்ல? கீழத்தெரு.”

காரியஸ்தர் கையை இழுத்துக்கொண்டார். “என்னங்க இது, பூஜை ரூமுக்குப் போறதுங்க!” என்று பட்டறைக்காரரிடம்தான் சொன்னார். மிராசுதார் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆறு நாள்தான் இருந்தது. மந்திரி தலைமையில் கல்யாணம். ஐயர் கிடையாது, மந்திரம் கிடையாது என்று பத்திரிகையே அடித்தாகிவிட்டது. வேறு வழியில்லாமல் வைக்கோல் சுற்றி வேனில் ஏற்றிக்கொண்டு போனார்.

“ஏங்கய்யா அப்படிச் சொன்னீங்க?” என்று பட்டறைக்காரரைக் கேட்டேன்.

“பொழப்பு நடக்கணும்ல?”

“ஞாயித்துக்கெழம கோயில்ல எல்லாரும் ஒண்ணுன்னு பாடுறீங்களே, அது எந்தப் பொழப்புக்கு?”

அவர் அடுப்புக் கரியைக் கிளறினார்.

நாலாம் நாள் வேன் திரும்பி வந்தது. வைக்கோலைப் பிரித்துப் பார்த்தேன். மிராசுதாரின் அம்மா தீட்டுக் கழிக்கப் பலகை முழுக்கக் கோமியம் தெளித்திருக்கிறார். மெழுகு தேய்ந்த இடமெல்லாம் ஈயத்தில் பச்சை பூத்துவிட்டது. பச்சையைப் போக்க, பித்தளைக் குத்துவிளக்குக்குப் போடுவதுபோலப் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். கருப்பு அங்கங்கே உரிந்து, சொறி பிடித்ததுபோல வெள்ளை ஈயம். என் நெற்கதிர் குதறப்பட்டுக் கிடந்தது.

“சரி பண்ணிக் குடுங்க” என்றார் காரியஸ்தர், பட்டறைக்காரரிடம். பட்டறைக்காரர் என்னைப் பார்த்தார்.

“நான் தொட்டா மறுபடியும் தீட்டாயிடும்ல? நீங்களே பண்ணுங்க” என்றேன்.

பண்ணினார். மயில்துத்தத்தைக் கெட்டியாகக் கரைத்துப் பூசினார். ஒரு இடம் செம்பு, ஒரு இடம் கருப்பு, ஒரு இடம் ஒட்டவேயில்லை. புளிப்புப் போகக் கழுவாமல் பூசினால் அப்படித்தான் ஆகும். எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

மறுநாள் காலை கார் வந்து நின்றது. காரியஸ்தரைக் கூட்டிக்கொண்டு மிராசுதாரே வந்திருந்தார். இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“நீதானா அந்தப் பொண்ணு? செஞ்சு குடு புள்ள. நல்ல காரியம் நடக்குற வீடு.”

“எங்க குடிசைய எதுக்குங்க பிரிச்சீங்க?”

அவர் காரியஸ்தரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

“எந்தக் குடிசை?”

நடிப்பில்லை. அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை. எத்தனையோ குடிசைகளில் ஒன்று. நான் வாய்க்கால் கரையைச் சொன்னேன், உளுந்தைச் சொன்னேன், அம்மாவைச் சொன்னேன். குரல் உடைந்துவிடுமோ என்று பயந்து கத்தியே சொன்னேன். ரயிலடிக்குப் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

“அதெல்லாம் தாலுக்கா ஆபீஸ்ல பேசவேண்டியது” என்றார்.

“அப்ப பலகையையும் அங்கயே குடுத்துத் தேச்சுக்குங்க.”

அன்று சாயங்காலமே பட்டறைக்காரர் என்னை வேலையிலிருந்து நிறுத்தினார். கல்யாணத்தன்று அந்தப் பலகையை மாவிலைத் தோரணத்தால் மறைத்திருந்தார்கள் என்று அதைப் பொருத்தப் போன தச்சர் சொன்னார். வெளியே பந்தலில் மந்திரி சுயமரியாதை பற்றி ஒரு மணி நேரம் பேசினாராம்.

அம்மாவிடம் சொன்னபோது திட்டுவாள் என்று நினைத்தேன். “அவன் மூஞ்சியப் பாத்தே கேட்டியா?” என்றாள். “பாத்துத்தாம்மா.” இன்னொரு தரம் முழுதாகச் சொல்லச் சொன்னாள். பிறகு அடுப்பைப் பார்த்து உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். எங்களுக்கு அந்த மனை கிடைக்கவேயில்லை.

நாலு மாசம் பூதலூரில் உறவுக்காரர்களோடு அறுப்புக்கும் களையெடுப்புக்கும் போனேன். அங்கேதான் பட்டறைக்காரர் சைக்கிளில் தேடிக்கொண்டு வந்தார். பெரிய மாதாகோயில் வேலையாம், பதினாலு ஜன்னலாம், ஈயத்துக்குக் கருப்பு ஏற்ற ஆளில்லையாம். வரப்பில் நின்றபடி மன்னிப்புக் கேட்கிற மாதிரி என்னவோ சொன்னார். நான் களைக்கொட்டைக் கீழே வைக்கவில்லை.

“வர்றேன். ஆனா ஆள் வந்தா நான் உள்ள போகமாட்டேன். முன்னாடிதான் உக்காந்து தேய்ப்பேன். யாரு செஞ்சதுன்னு கேட்டா என்னைத்தான் காட்டணும்.”

“வர்ற ஆளும் வராமப் போயிடும்மா.”

“போகட்டுங்க.”

மறுவாரம் பட்டறை வாசலிலேயே மாதாகோயில் ஜன்னலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் வந்த ஒருவர் என் தெருவைக் கேட்டுவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போனார். பட்டறைக்காரர் வாய்க்குள் முணுமுணுத்தார். கேட்காததுபோல நான் அடுத்த முடிச்சில் சுருளை அழுத்தினேன்.