டிவிடெண்ட் பாதியான வருஷம்

கம்பெனிக்குக் கஷ்டகாலம் வந்தால் முதலில் தெரிவது காபியில்தான். அறுபதுகளின் நடுவில், மழை பொய்த்து, ரயில்வே ஆர்டர்கள் நின்றுபோன அந்த வருஷம், எங்கள் ஆபீஸில் நாலு மணிக் காபி டீயாயிற்று. அடுத்த மாதம் டீயும் நின்றது. பிறகு, ஓட்டை விழுந்த பழைய கார்பன் தாளைக் காட்டினால்தான் புதுசு தருவோம் என்றார்கள். ஓவர்டைம் போயிற்று. இந்தச் சர்க்குலர்களையெல்லாம் டைப் அடித்தவள் நான். அடுத்து எது நிற்கப் போகிறது என்று எல்லோருக்கும் முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்துவைத்துக்கொண்டு சாப்பிட்ட சோறு எதுவும் உடம்பில் ஒட்டவில்லை.

இயந்திரங்கள் செய்கிற கம்பெனி அது. தொழிற்சாலை ஊருக்கு வெளியே, ஆபீஸ் கண்டோன்மெண்ட் பக்கம். நான் அங்கே ஸ்டெனோ, எங்கள் அல்சூர் வீட்டிலிருந்து நடந்தே போய்வருவேன். அப்பா மைசூர் சர்க்கார் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அப்போது கையில் வந்த பணத்தில் பெரும்பகுதியை இதே கம்பெனிப் பங்கில் போட்டிருந்தார். அவருடைய பென்ஷன், வருஷத்துக்கு ஒரு முறை வருகிற டிவிடெண்ட், என் சம்பளம், இந்த மூன்றையும் வைத்துத்தான் வாடகையும் அம்மாவின் ஆஸ்துமா மருந்தும் ஓடின.

இங்கே என் முட்டாள்தனம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என்னை டெம்பரரியாகத்தான் எடுத்தார்கள். ஆறு மாதத்தில் நிரந்தரம் என்று பேச்சு. ஆறு மாதம் முடிந்த அன்று, இன்னும் ஆறு மாதம் நீட்டித்து ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்தால் அம்மா பாயசம் வைத்துக் காத்திருக்கிறாள். அப்பா வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்னம்மா, பெர்மனென்ட் ஆயிடுச்சா?"

"ஆயிடுச்சுப்பா" என்று சொல்லித் தொலைத்தேன். அடுத்த தடவை எப்படியும் செய்துவிடுவார்கள், அப்போது பொய் தானாகவே உண்மையாகிவிடும் என்று நினைப்பு. அடுத்த தடவையும் நீட்டித்தார்கள். அதற்குள் அப்பா தெரு முழுக்கச் சொல்லியாயிற்று.

அந்த வருஷ ஆண்டறிக்கை தபாலில் வீட்டுக்கு வந்தது. டிவிடெண்ட் போன வருஷம் கொடுத்ததில் பாதி. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"இது உனக்கு முன்னாடியே தெரியும் இல்லே?"

"தெரியும்ப்பா. நான்தான் டைப் அடிச்சேன்."

"சொல்லாம இருந்தியே, அதுதான் சரி. ஆபீஸ் விஷயம் ஆபீஸோட இருக்கணும்" என்றார். மனிதர் அப்படி. அன்றைக்கே ஆங்கிலப் பத்திரிகையை நிறுத்தினார். அம்மா பூக்காரியை இனி வர வேண்டாம் என்றாள். அப்புறம் ஒரு வாரம் அப்பா மேஜையில் உட்கார்ந்து எதையோ எழுதி, அடித்து, திரும்ப எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். கையால் மறைத்துக்கொண்டார்.

"பங்குதாரர் மீட்டிங்ல கேக்கப்போற கேள்வி. நீ கம்பெனி ஆளு, உனக்குக் காட்டக் கூடாது."

நான் சிரித்துவிட்டுப் போய்விட்டேன். பிடுங்கியாவது படித்திருக்கலாம்.

சிரித்தேனே தவிர, அந்த வாரம் முழுக்க என் கண் ஆபீஸில் ஒரு காகிதத்தின் மேலேயே இருந்தது. எங்கள் சூப்பரின்டெண்ட் கன்னடக்காரர், நல்ல மனிதர், என்னோடு தமிழில்தான் பேசுவார். அவர் மேஜையில் டெம்பரரி ஆட்களின் பட்டியல் ஒன்று கிடந்தது. "சேர்மனுக்கு ஆளுங்களை வீட்டுக்கு அனுப்ப மனசு இல்லேம்மா. மீட்டிங் முடியட்டும்னு தள்ளி வெச்சிருக்கார். தேவரு இத்தானே, கடவுள் இருக்கான், பார்ப்போம்" என்றார். அவருடைய தேவரைத்தான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

கம்பெனிப் பொதுக்கூட்டம் என்றால் அப்பாவுக்குப் பண்டிகை மாதிரி. கோட்டும் ஜரிகைத் தலைப்பாகையுமாகக் கிளம்புவார். வருகிற பங்குதாரர்களுக்கெல்லாம் மைசூர்பாகும் காராசேவும் பொட்டலம் கட்டிக் கொடுப்பது வழக்கம். சில பெரியவர்கள் அதற்காகவே வருவார்கள் என்று ஆபீஸில் கேலி உண்டு. அந்த வருஷம் ஆளுக்கு இரண்டு பிஸ்கட். "டிவிடெண்டைத்தான் பாதியாக்கினாங்க, மைசூர்பாகு என்னய்யா பண்ணிச்சு?" என்று ஒருவர் கேட்டதும் கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். மேடைக்குப் பக்கத்து மேஜையில், நடப்பதையெல்லாம் சுருக்கெழுத்தில் எடுக்க உட்கார்ந்திருந்தேன்.

அப்பா எழுந்தார். காகிதத்தைப் பிரித்து, தன் செக்ரடேரியட் இங்கிலீஷில் நிதானமாக ஆரம்பித்தார். நானும் எழுத ஆரம்பித்தேன். தொழிற்சாலையில் வேலையில்லாதபோது ஆபீஸில் டெம்பரரி ஆட்கள் எதற்கு? அவர்களை வீட்டுக்கு அனுப்பாமல், எங்களைப் போன்ற ஓய்வு பெற்றவர்களின் டிவிடெண்டில் கை வைப்பது எந்த நியாயம்?

கூடம் கைதட்டியது. என் பென்சில் நின்றுவிட்டது. பக்கத்திலிருந்த சூப்பரின்டெண்டுக்குப் பேசுகிறவர் யார் என்று தெரியும். தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்திவிட்டு, "பரீம்மா" என்றார் மெதுவாக. எழுதும்மா என்று அர்த்தம். எழுதினேன். அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது. அதைவிட என் பாயசப் பொய் மேல் வந்தது. சேர்மன் அப்பாவைப் பார்த்துத் தலையை ஆட்டி, பங்குதாரரின் யோசனையை நிர்வாகம் கவனத்தில் கொள்ளும் என்றார். அதையும் எழுதினேன்.

திரும்பி வரும்போது அப்பாவின் நடையே வேறாக இருந்தது.

"எப்படிப் பேசினேன்?"

"நல்லாப் பேசினீங்கப்பா."

பத்தாம் நாள் பட்டியல் வெளியே வந்தது. பதினோரு கடிதங்கள். பத்தை நான் டைப் அடித்தேன். பதினோராவதைச் சூப்பரின்டெண்ட் வாங்கிக்கொண்டு போய், ஒற்றை விரலால் தட்டித் தட்டித் தானே அடித்தார்.

சாயங்காலம் அந்தக் கடிதத்தை அப்பா கையில் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். பதறவில்லை.

"இது டெம்பரரி ஆளுங்களுக்கு வர்ற லெட்டர்மா. பேரை மாத்தி அடிச்சுட்டாங்க. நாளைக்கு நானே வந்து பேசறேன். மீட்டிங்ல பாத்திருக்காங்க, என்னை எல்லாருக்கும் தெரியும்."

"பேரு சரிதான்ப்பா. நான் டெம்பரரிதான். பெர்மனென்ட் ஆச்சுன்னு சொன்னது பொய்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அப்பா கடிதத்தை மடித்தார். பிரித்தார். திரும்ப அதே மடிப்பில் மடித்தார்.

"நான் பேசறப்போ நீ அங்கேதானே உக்காந்திருந்தே?"

"ஆமாம்ப்பா. நான்தான் எழுதிக்கிட்டிருந்தேன்."