விளக்கெண்ணெய் நாற்காலி

விளக்கெண்ணெயின் கனத்த வாசனை மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்கு வயிற்று மருந்து ஞாபகம் வரும், எனக்கு இரும்பு நாற்காலிதான் வரும். திருத்தணியில் "டென்ட் கொட்டாய்" சினிமா ஒன்றை மூடியபோது, எங்கள் அப்பா, அதாவது "நைனா", பட்டை பட்டையாய்த் தகடு வைத்த மடக்கு நாற்காலி நான்கை வாங்கி வந்தார். எங்கள் தெருவில் நாற்காலி இருந்த வீடு எங்களுடையது ஒன்றுதான். அதை இன்றைக்கும் சொல்லிக்கொள்வேன்.

முதல் மழையிலேயே அவற்றில் துரு ஏறிவிட்டது. அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் எழுந்தபோது, வெள்ளை வேட்டிகளின் பின்பக்கம் காவி நிறத்தில் பட்டை விழுந்திருந்தது. அவர்களிடமிருந்து பதிலே வரவில்லை. அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நைனாவுக்குத் துரு ஜென்மப் பகையாளி ஆனது.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் "உப்புத்தாள்" போட்டுத் தேய்த்து, விளக்கெண்ணெய் பூசி, ஒரு நாள் ஊறவிட்டு, சனிக்கிழமை கந்தல் துணியால் துடைக்க வேண்டும். ஈரம் இரும்பைத் தொடாமல் எண்ணெய் தடுத்துவிடும் என்பார் நைனா. மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட என்னிடம் அந்த வேலை வந்தது. என்னைப் போல் பூச அந்த வீட்டில் வேறு ஆள் கிடையாது.

அடுத்த வரன் பள்ளிப்பட்டிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. "ஒரு பொட்டு துரு இருக்கக் கூடாது, ஆங்" என்று காலையிலேயே நைனா சொல்லிவிட்டுப் போனார். நானும் வழக்கத்தைவிட இரண்டு கை கூடுதலாகவே பூசி வைத்தேன். துடைப்பது சனிக்கிழமை வேலை அல்லவா?

மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, மாமா நான்கு பேரும் உட்கார்ந்து, காபி குடித்து, எழுந்தார்கள். "சப்" என்று ஒரு சத்தம். நைனா நாற்காலியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னாங்க இது, செக்குலயா உக்காந்துகினு இருந்தோம்?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, புடவையைத் திருப்பிப் பார்த்தபடி.

"துரு இல்லீங்க, வெறும் வெளக்கெண்ண. சீக்கா போட்டா போயிடும்" என்றார் நைனா. துரு இல்லை என்பதில் அந்த நேரத்திலும் அவருக்கு ஒரு பெருமை.

கதவுக்குப் பின்னால் நின்ற அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கூடம் முழுக்கக் கேட்டது. இதுவும் போயிற்று என்று நைனா கண்ணை மூடிக்கொண்டார். மாப்பிள்ளை கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, தன் அம்மாவிடம், "சிரிச்சவங்களே நம்ம வூட்டுக்கு வந்து தொவச்சிக் குடுக்கட்டும்மா" என்றார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. கறை கடைசிவரை போகவில்லை, அது வேறு விஷயம்.

இப்போது நைனா இல்லை. அந்த நாற்காலிகளும் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போய்விட்டன. போகும்போதும் ஒரு பொட்டு துரு இல்லை. வீடு முழுக்க பிளாஸ்டிக் நாற்காலி. ஆடிக் கிருத்திகைக்கு அக்காவோடு வரும் அவள் வீட்டுக்காரர், எங்கள் பாவா மட்டும், உட்காரும் முன் அந்த பிளாஸ்டிக்கை விரலால் ஒரு தடவு தடவி, என் முகத்தைப் பார்த்து, "இன்னிக்கி இன்னா கெழமம்மா?" என்று கேட்கிறார்.