ரமிரோ போகுமுன் அடித்த சட்டைகள்

சட்டையில் பேர் அடிக்கும் தொழிலில் எழுத்துப் பிழையைக்கூடச் சமாளித்துவிடலாம், அளவு மாறினால் வாடிக்கையாளர் விடமாட்டார். கடை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அஸ்தம்பட்டியில் பதினைந்து வருஷமாக விளையாட்டுச் சட்டைகளுக்குப் பேரும் நம்பரும் அடிக்கிறேன். கபடி அணிக்காரர்கள் திட்டியதெல்லாம் மறந்துபோச்சு. சரசக்காவைத்தான் மறக்க முடியவில்லை.

முதல் சட்டை

சரசக்கா எடப்பாடியில் தறி ஓட்டுகிறவர். அவர் மகள் நிவேதா பள்ளி அணியில் கால்பந்து ஆடினாள். பராகுவே நாட்டு முன்கள ஆட்டக்காரர் ரமிரோ என்றால் அவளுக்கு உயிர். அந்த மனிதர் ஒரு கிளப்பில் இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. இன்று அர்ஜென்டினா, நாளை மெக்சிகோ. நம்மூர் லாரி டிரைவர்கள் தோற்றார்கள்.

அவர் கிளப் மாறினால் புதுச் சட்டை என்று அம்மாவிடம் சத்தியம் வாங்கி வைத்திருந்தாள். சிவப்புச் சட்டை, பதினொன்றாம் நம்பர், அளவு இருபத்தெட்டு. வாங்கிக்கொண்டு படியிறங்கும்போது திரும்பிச் சொன்னாள்: "அண்ணா, அடுத்து அவரு எங்க போறாருன்னு நாந்தான் உங்களுக்கு மொதல்ல சொல்லுவேன்."

அளவு முப்பது

அடுத்த முறை அக்கா தனியாக வந்தார். காய்ச்சலில் நிவேதா போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. இறந்தவர்களுக்கு வருஷா வருஷம் புதுத்துணியில் மஞ்சள் தொட்டு வைத்துப் படைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். பச்சை வெள்ளைக் கோடு போட்ட சட்டையில் ரமிரோ பேர் வேண்டும் என்றார். மகள் கனவில் வந்து கேட்டாளாம்.

ரமிரோ அப்போதும் சிவப்புச் சட்டையில்தான் ஆடிக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்து மறுத்துப் பேச மனசு வரவில்லை. "இருபத்தெட்டு தானேக்கா?" என்று மட்டும் கேட்டேன்.

"முப்பது போடுங்க தம்பி. அவளும் வளருவா இல்லீங்களா?"

முழங்கால்

மூன்று வாரத்தில் ரமிரோ துருக்கிக்குப் போனார். போனில் வந்த படத்தில் பச்சை வெள்ளைக் கோடு. பில் புத்தகத்தை எடுத்து அக்கா வந்த தேதியை இரண்டு தடவை பார்த்தேன். அப்புறம் சீனா, கிரேக்கம். ஒவ்வொரு முறையும் அவர் மாறுமுன்பே சட்டை நிறத்தைச் சொல்லி அக்கா முந்திக்கொண்டார்.

நடுவில் முழங்கால் அடிபட்டு ரமிரோ ஆறு மாதம் படுத்துவிட்டார். செய்தி கேட்டு அக்கா பஸ் பிடித்து ஓடி வந்தார். "திரும்ப ஆடுவாருங்களா?" என்று நாலு தடவை கேட்டார். ஆடுவார் என்று நானே டாக்டர் மாதிரி சொன்னேன்.

"அவரு நிறுத்திப்போட்டா எம்புள்ள எதைச் சாக்கு வெச்சுங்க என்னைத் தேடி வருவா?"

நீலம்

ஒரு வருஷம் நான் அதிபுத்திசாலி ஆனேன். அக்கா கேட்டது கறுப்பு. ஆனால் ரமிரோ முந்தின நாள்தான் நீல அணி ஒன்றில் கையெழுத்துப் போட்டு, சட்டையைத் தூக்கிப் பிடித்துச் சிரித்திருந்தார். நீலமே அடித்து அனுப்பிவிட்டேன்.

படையலுக்கு மறுநாள் அக்கா அந்தச் சட்டையைத் திரும்பக் கொண்டுவந்தார். வெள்ளை எழுத்தில் மஞ்சள் பட்டால் சாமானியத்தில் போகாது, எத்தனையோ சட்டைகளைத் தேய்த்துத் தோற்றவன் நான். அக்கா பையிலிருந்த மஞ்சளை என் கண்ணெதிரே குழைத்து அந்த எழுத்தின்மேல் வைத்தார். தடம்கூட இல்லாமல் வழிந்து போனது. அந்த வாரமே ஒப்பந்தம் முறிந்து ரமிரோ சிலி நாட்டுக் கிளப் ஒன்றுக்குப் போனார். கறுப்புச் சட்டை.

"இது அவளுது இல்லீங்க தம்பி, வேற அடிச்சுக் குடுங்க."

ஓய்வு

போன மாதம் ரமிரோ ஓய்வு பெற்றார். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. படையலுக்கு இரண்டு நாள் முன்பு மத்தியானம் வந்து நின்றார். சொல்ல வாயெடுத்தேன், தெரியும் என்று கையமர்த்தினார். வெள்ளைச் சட்டை, அதே பதினொன்று. பேர் மட்டும் நிவேதா. அளவு போன வருஷத்து முப்பத்தாறே போதும் என்றார்.

அடித்து முடித்ததும் அக்கா ஓரத்தில் மஞ்சள் வைத்தார். ஒட்டிக்கொண்டது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அக்கா அழவில்லை.

"அவரு ஓடி முடிச்சிட்டாராம் தம்பி. 'இனி நான் ஆடறேன், நீ வந்து பாரும்மா'ன்னு கூப்பிடறாளுங்க."

இத்தனை வருஷத் தொழிலில் அளவு சரியில்லை என்று ஒன்றுகூடத் திரும்பி வராதவை சரசக்கா வாங்கிய சட்டைகள்தான், இப்போது எனக்கு இருக்கும் ஒரே கவலை அடுத்த வருஷம் அவர் தன் அளவுக்கு ஒன்று கேட்டுவிடக் கூடாதே என்பது.