ஒற்றை இட்லியில் ஏறிய மலை

சில வருடங்களுக்கு முன்பு போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்தேன். மதுரை வரை சைக்கிள் பந்தயம் என்றதும் நானும், என்னோடு வேலை பார்த்த முருகேசனும் பேர் கொடுத்தோம். எனக்குத் தொந்தி, அவன் ஒல்லி. காய் பொறுக்கும் பெண்கள், "முருகேசண்ணந்தான் செயிக்கும்" என்று சொல்லச் சொல்ல எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காலையில் கடைக்கு வந்ததும் அவன் ஒரே ஒரு இட்லி தின்பான். அதுதான் அவன் ரகசியம் என்று நினைத்தேன். நானும் காலையில் ஒரு இட்லி, மதியம் மோர், இரவு பட்டினி என்று ஆரம்பித்தேன். மூட்டை நிறுக்கும் தராசில் ஏறிப் பார்த்தபோது, இரண்டே வாரத்தில் ஐந்து கிலோ குறைந்திருந்தது. பந்தயத்தையே ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் பயிற்சிக்காகப் போடிமெட்டுக்கு மிதித்தோம். அவனை முந்தும் வெறியில் எழுந்து நின்று மிதித்தேன். பாதி மலையில், ஒரு வளைவில், கண் இருட்டிவிட்டது. விழித்தபோது சைக்கிள் பள்ளத்தின் விளிம்பில் கிடந்தது. என் சட்டையை இறுகப் பிடித்தபடி முருகேசன் உட்கார்ந்திருந்தான்.

"காலைல என்ன மாப்ளே தின்ன?"

"உன்னைய மாதிரித்தான். ஒரு இட்லி."

"அட கூறுகெட்டவனே! நான் வீட்டுல ஒரு கும்பா கம்பஞ்சோறு தின்னுட்டுல்ல வர்றேன். கடைல திங்கிறது சும்மா ருசிக்கு!"

பந்தயத்தில் அவன்தான் முதல். நான் மதுரை போய்ச் சேர்ந்தபோது பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போதெல்லாம் சாப்பிடாமல் சைக்கிளைத் தொடுவதில்லை. எடை மெதுவாகக் குறைந்தால் போதும். அடுத்தவன் இலையைப் பார்த்து என் சாப்பாட்டை முடிவு செய்வதும் இல்லை. ஆனால் முருகேசன் எவ்வளவு தின்றாலும் சதை போடுவதில்லையே, அதை மட்டும் என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.