மலைக்காட்டில் நகர்ந்துபோன கோடு

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகிச் சில வருடங்கள் கழித்து, ஒரு ஐப்பசி மாதச் செவ்வாய்க்கிழமை நடந்தது இது. ஊரில் என்று மழை பெய்தது, எந்தக் கடை என்று மூடியது என்பதையெல்லாம் குறித்துவைக்கிற பழக்கம் எனக்கு உண்டு. இதை மட்டும் குறிக்கவில்லை. குறிக்காமலேயே நினைவிருக்கிறது.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு வரைபடக் கடையில் வேலை செய்கிறேன். வீட்டு பிளான், மனைப்பிரிவு, எல்லை வரைபடம் எல்லாம் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுப்போம். எண்களைத் தட்ட வேண்டும், திரையில் புள்ளி விழும், புள்ளிகளைக் கோட்டால் இணைக்க வேண்டும். பத்தொன்பது வருடமாக இதே வேலை. அன்று காலையிலிருந்து மூன்று முறை கரண்ட் போய் வந்திருந்தது. ஒரே மனைப்பிரிவை மூன்று முறை போட்டு, கண் எரிந்து உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் கல்வராயன் மலையிலிருந்து ஓர் அம்மா வந்தார். கணவர் இல்லை. வனத்தை ஒட்டி அவர்கள் பல காலமாகச் சாமையும் மரவள்ளியும் போடும் நிலத்துக்கு உரிமை கேட்டு மனு கொடுத்திருந்தார். கூடவே வைத்த வரைபடம் சரியில்லை என்று மனு திரும்பி வந்துவிட்டது. அதை வேறொரு கடையில் போட்டிருந்தார்கள். "புதுசா ஒண்ணு போட்டுக் குடுங்க தம்பி" என்றார்.

பழைய வரைபடத்தில் மூலைப்புள்ளிகளின் எண்கள் அச்சாகியிருந்தன. அவற்றையே திரும்பத் தட்டிக் கொடுத்தால் அரை மணியில் ஆள் போய்விடும். அதைத்தான் செய்யப் போனேன். இரண்டு புள்ளி விழுந்திருக்கும்.

"தம்பி, கோட்டக் கொஞ்சம் இந்தாண்ட தள்ளிப் போட முடியுமா?"

எரிச்சலாக வந்தது. கோட்டைத் தள்ளச் சொல்லாத ஆளே எங்கள் கடைக்கு வந்ததில்லை. "அப்படியெல்லாம் தள்ள முடியாதும்மா. அடுத்தவங்க நிலம் உங்களுக்கு வராது" என்றேன்.

"அய்ய, எனக்கு வாணாம்ன்றேன். எங்க கொழுந்தன் காடு இதுக்குள்ள மாட்டிக்கினு கீது. எனக்குக் கம்மியாவே போடுங்க. ஒரு ஏக்கர்னாகூட சரி. அவன் பக்கம் மட்டும் கோடு போவக்கூடாது."

கை நின்றது. நிலத்தைக் குறைத்துப் போடச் சொல்லி அதுவரை யாரும் கேட்டதில்லை.

உங்களுக்கு எவ்வளவு நிலம் என்று கேட்டேன். ஒன்றரை ஏக்கர் என்றார். வரைபடத்தில் நாலு ஏக்கருக்கு மேல் இருந்தது. கிராமசபையில் அதைச் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்துக் காட்டியிருக்கிறார்கள். கொழுந்தனின் காட்டுக் கொட்டகை அண்ணியின் எல்லைக்குள் இருந்திருக்கிறது. "அண்ணன் செத்ததும் எங்காட்டையும் சேத்து எழுதிக்கினா" என்று அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டுப் போனவர், அதன்பின் அண்ணி வீட்டு வாசலை மிதிக்கவில்லையாம்.

நிலத்தைச் சுற்றி நடந்து அளந்த அன்று, அந்த அம்மாவின் மகள் ஜி.பி.எஸ். கருவியின் திரையைப் படம் எடுத்திருந்தாள். படம் அவர் போனிலேயே இருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்: பாகை, நிமிடம், அதன்பின் ஒரு புள்ளி, மூன்று எண்கள். நிமிடத்தின் தசமப் பகுதி அது. வரைந்தவர் அதை விநாடி என்று எடுத்துக்கொண்டுவிட்டார். அரை நிமிடம் என்றால் கருவி .500 என்று காட்டும். பாகைக் கணக்கிலும் ஒரு நிமிடத்துக்கு அறுபது விநாடி, அதனால் அது முப்பது விநாடி. அவர் ஐம்பது விநாடி என்று போட்டிருக்கிறார். ஒவ்வொரு மூலையிலும் இதே தவறு. நிலம் வடிவம் மாறாமல் பருத்து, நகர்ந்து, கொழுந்தன் காட்டின்மேல் போய் உட்கார்ந்துவிட்டது. வடிவம் மாறாததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அந்த அம்மா வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எனக்கும் வந்திருக்காது.

எண்களைத் திருத்திப் போட்டேன். ஒன்றரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவாக, கொழுந்தன் காட்டைப் பிரிக்கும் ஓடைக்கு இந்தப் பக்கமே எல்லை நின்றது. அந்த அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் சொன்னா நம்ப மாட்டான். நீங்க சொல்றீங்களா?" என்றார்.

கொழுந்தனையும் கூட்டி வரச் சொன்னேன். வெள்ளிக்கிழமை இருவரும் வந்தார்கள். ஒரே பெஞ்சில் இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர். பழைய எல்லையைச் சிவப்பிலும் புதியதைப் பச்சையிலும் ஒன்றின்மேல் ஒன்றாகக் காட்டி, நடந்ததைச் சொன்னேன்.

கொழுந்தன் சிவப்புக் கோட்டைத் திரையில் விரலால் தொட்டுக் காட்டினார். "அப்போ அண்ணி எதுவும் சொல்லிப் போடலியா?"

"இல்லைங்க. படம் போட்ட எங்க தொழில்காரர் பண்ண தப்பு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அண்ணியைப் பார்க்காமலேயே கேட்டார். "பாப்பா கல்யாணத்துல அண்ணன் எடத்துல யாரு நின்னது?"

அந்தச் சண்டைக்குப் பிறகுதான் மகளின் கல்யாணம் நடந்திருக்கிறது. எனக்கு அதுவரை தெரியாது.

"யாரும் நிக்கல" என்றார் அந்த அம்மா. "நீ வருவேன்னு எடம் வுட்டு வெச்சினு இருந்தோம். நேரமாவுதுன்னாங்க. தாலி கட்டிட்டாங்க."

அச்சு இயந்திரம் சூடாகி ஓட ஆரம்பித்தது. அது ஓடி முடிகிறவரை மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வரைபடத்தைச் சுருட்டிக் கொடுத்தேன். கொழுந்தன்தான் கை நீட்டி வாங்கினார். மழை தூறியது. தன் துண்டை எடுத்து வரைபடத்தின்மேல் சுற்றி, கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வெள்ளிமலை பஸ் பூட்டா அப்புறம் கச்சிராயபாளையத்துல நிக்கணும், வா அண்ணி" என்றார். அவர் முன்னால் போக, அந்த அம்மா சற்றுத் தள்ளிப் பின்னால் போனார்.

மனு என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. அவர்கள் மறுபடி வரவில்லை. வேலை மாறவில்லை, கண் எரிச்சலும் அப்படியேதான் இருக்கிறது. அலுப்பில் பழைய எண்களை அப்படியே தட்டிவிடலாம் என்று இப்போதும் தோன்றும். அப்போதெல்லாம் ஒரு கல்யாணப் பந்தலில் யாருக்காகவோ விட்டுவைத்திருந்த இடம் கண்ணில் வருகிறது. எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து, பக்கத்து நிலம் யாருடையது என்று கேட்டுவிட்டுத்தான் முதல் புள்ளியை வைக்கிறேன்.