முட்டுக்கால் தட்டும் சத்தம்

இதை எழுதுவதால் எனக்கு ஒரு லாபமும் இல்லை. கப்பல் கட்டும் தளத்தில் வெல்டராக இருந்தவரின் மகன் நான். பதினாறு வயதில் துரு சுரண்ட ஆரம்பித்தவன். யாராவது பேய் என்று பேச்செடுத்தால் காபி நேரத்தில் அவரைக் கிண்டல் செய்தே விரட்டியவன். ஆனால் 2016 நவம்பர் 17, வியாழக்கிழமை, மதியம் 2.50 முதல் 4.05 வரை நடந்தது நடந்ததுதான். கையில் கடிகாரம் கட்டியிருந்தேன். நான் சொல்லும் நேரமெல்லாம் சரியான நேரம்.

என் அக்கா தூலா விவாகரத்தில் கைக்கு வந்த காசை எல்லாம் போட்டு ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கியிருந்தாள். பத்து மீட்டர் நீளம். அவளுக்கு வேறு வீடு கிடையாது. குளிர்காலத்துக்குப் படகைக் கரையேற்ற வேண்டும். அவள் அதிலேயே தங்கி, உளுத்துப்போன மேல்தளத்தைப் பிரித்துப் புதுப்பிக்க வேண்டும். எங்கள் வடநாட்டுத் துறைமுக ஊரான துர்க்கு பக்கம் கடல் உறைய இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது. அதற்குள் படகு நிறுத்தும் பட்டறை கிடைக்காவிட்டால் பனிக்கட்டி படகை நெரித்துவிடும்.

மூன்று பட்டறை விசாரித்தோம். முதலாவதில் அவர்கள் ஆட்கள்தான் வேலை செய்வார்கள், நாம் ஒரு ஆணிகூடப் பிடுங்கக் கூடாது. இரண்டாவதில் வேலை செய்யலாம், ராத்திரி தங்கக் கூடாது. மூன்றாவது பாலம் தாண்டித் தீவில் இருந்தது. தங்கலாம், வேலை செய்யலாம், கரண்டும் உண்டு.

"அங்கயே போட்டுடலாம்டா," என்றாள் தூலா.

"போய்ப் பாத்துட்டு வரேன்க்கா."

"பாக்க என்ன இருக்கு? பொண்ணா பாக்கப் போற?"

"நாலு மாசம் மூணரை மீட்டர் உசரத்துல படுக்கப் போறது நீ. முட்டுக்கால் எப்படிப் போடுறாங்கன்னு பாக்க வேணாமா?"

கரையேற்றிய படகின் பாரம் அடிக்கட்டையில் நிற்கும். சாயாமல் பிடித்துக்கொள்வது இரண்டு பக்கமும் நிறுத்திய இரும்பு முட்டுக்கால்கள். நல்ல பட்டறையில் தினமும் ஒரு ஆள் சுத்தியலோடு சுற்றி வந்து ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பான். இறுக்கமாக இருந்தால் 'டிங்' என்று மணி மாதிரிக் கேட்கும். தளர்ந்திருந்தால் 'டொக்'. எனக்குப் பட்டறை நல்லதா கெட்டதா என்று சொல்ல அந்தச் சத்தம் போதும்.

2.10க்குப் போய்ச் சேர்ந்தேன். மேஸ்திரி தைஸ்தோ அறுபதைத் தாண்டியவர், மூக்கெல்லாம் சிவப்பு. கையைப் பிடித்து நொறுக்கிவிட்டார்.

"அக்காவா தங்கப் போறாங்க? குறட்டை விடுவாங்களா?"

"ஏன் கேக்குறீங்க?"

"ராத்திரியில இங்க ஒரு ஆளும் கிடையாது. எவ்வளவு விட்டாலும் கேக்க நாதியில்ல." அவரே சிரித்துக்கொண்டார்.

இரண்டாம் வரிசையில் இரண்டு படகுக்கு நடுவே ஒரு இடம் காட்டினார். காற்று அடிக்காத இடம். கரண்ட் பெட்டி பக்கத்திலேயே.

"இவ்வளவு நல்ல இடம் எப்படிக் காலியா கிடக்கு?"

"கிடக்கு," என்றார். வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

பக்கத்தில் நீலப் படகு ஒன்று. அக்காவுடையது மாதிரியே, அதே அளவு. மேலே முழுக்க வெள்ளை பிளாஸ்டிக் உறை. சூடு காட்டி இறுக்கியது, விரலால் சுண்டினால் பறை மாதிரி அதிரும். பின்பக்கம் ஏணி, ஏறினால் உறையில் ஒரு ஜிப் வாசல்.

"ஏறிப் பாரு தம்பி. உறைக்குள்ள ஈரம் நிக்குதா இல்லையான்னு தெரிஞ்சிடும். நான் கிரேனுக்குக் குழாய் வாங்கணும், நாலு மணிக்கு வந்துடுவேன். வந்ததும் கையெழுத்துப் போட்டுடலாம்."

அவர் வண்டி பாலத்தைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டறையில் வேறு யாரும் இல்லை, தரை முழுக்கப் புதுப்பனி. ஏறுவதற்கு முன் முட்டுக்கால்களை எண்ணினேன். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. ஆறு. ஒவ்வொன்றையும் சாவிக்கொத்தால் தட்டினேன். ஆறும் டிங். திருப்தியாக இருந்தது. அக்கா இங்கே நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தேன்.

2.50க்கு உள்ளே போனேன். குளிர் ஏறியதால் ஜிப்பை இழுத்து மூடினேன். சுற்றிலும் வெள்ளை. பால் குண்டானுக்குள் நிற்கிற மாதிரி. வெளியே ஒன்றும் தெரியாது. மேல்தளத்தில் குனிந்து ஈரம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2.56. கீழே ஒரு சத்தம்.

டொக்.

பரவாயில்லையே, இங்கேயும் சுற்றி வந்து தட்டுகிறார்கள் என்று நினைத்தேன். உண்மையில் சந்தோஷப்பட்டேன்.

டொக்... டொக்... டொக்...

அப்புறம்தான் உறைத்தது. சற்று முன் நான் தட்டியபோது ஆறும் டிங். இப்போது எல்லாமே டொக்.

எண்ணினேன். ஐந்து... ஆறு... ஏழு... எட்டு.

நின்றது.

இருப்பது ஆறு முட்டுக்கால்தானே?

"தைஸ்தோ?" என்று கூப்பிட்டேன்.  பனியில் காலடிச் சத்தமும் இல்லை. அவர் வண்டி திரும்பி வந்த சத்தமும் நான் கேட்கவில்லை.

3.04. மறுபடி எட்டு. இந்த முறை சுற்றி வரவில்லை. ஒரே இடத்திலிருந்து வந்தது. என் காலுக்கு நேர் கீழே.

3.15. எட்டு.

ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மெதுவாக. தட்டுகிறவன் களைத்துப் போகிற மாதிரி.

இறங்கிப் போய்ப் பார்த்தால் தீர்ந்தது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். எழுந்து ஜிப் பக்கம் இரண்டு அடி வைத்தேன்.

உறை உள்ளே புடைத்தது.

பக்கவாட்டில், என் முகத்துக்கு அருகே. முதலில் ஒரு உருண்டை மாதிரி. பிறகு விரிந்தது. ஐந்து விரல். ஒரு உள்ளங்கை.

நான் நின்றது தரையிலிருந்து மூன்றரை மீட்டர் உயரத்தில். அந்தப் பக்கம் ஏணி கிடையாது.

விலகிவிட்டது. அந்த இடத்தில் பிளாஸ்டிக் மட்டும் அதிர்ந்துகொண்டிருந்தது.

3.40. இருட்டியதும் பட்டறை விளக்கு தானாக எரிந்தது. உறை முழுக்க மஞ்சள் வெளிச்சம். கயிற்றின் நிழல் தெரிந்தது. ஏணியின் நிழல் தெரிந்தது.

கை மறுபடி வந்தது. அதற்கு நிழல் இல்லை.

மெதுவாக நகர்ந்தது. தடவித் தடவி. கண் தெரியாதவன் வழி தேடுகிற மாதிரி. ஜிப்பை நோக்கி...

நான் பாய்ந்து ஜிப்பைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு கையாலும்.

அந்தப் பக்கத்திலிருந்து அழுத்தம். என் விரல்மேல் இன்னொரு விரல். நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் மட்டும்.

சில்லிட்டிருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை.

சூடாக இருந்தது.

கீழே டொக்... டொக்...

விடவில்லை நான்.

டொக்...

பிடித்துக்கொண்டே நின்றேன்.

...

4.05. வண்டி வெளிச்சம் உறைமேல் அடித்தது. கை இல்லை. சத்தம் இல்லை.

இறங்கினேன்.  கீழே பனியில் என் ஷூ தடம், தைஸ்தோவின் ஷூ தடம். ஆறு முட்டுக்காலும் அதே இடத்தில்.

தைஸ்தோ குத்தகைத் தாளை நீட்டினார். "போடு தம்பி."

"வேணாம்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குள் போய்விட்டார்.

அக்காவிடம் உண்மையைச் சொல்லவில்லை. "முட்டுக்கால் சரியில்ல," என்றேன். திட்டித் தீர்த்தாள். இரண்டாவது பட்டறையில் படகை ஏற்றினோம். பகலில் அங்கே வேலை, ராத்திரி என் வீட்டு சோபாவில் படுக்கை. நாலு மாதமும் முதுகுவலி என்று புலம்பினாள். "உன் சோபாவுக்கு அந்தத் தீவே மேல்டா," என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள்.

ஏப்ரலில் படகை இறக்க கிரேன் ஓட்ட வந்தவள் சிர்பா. முன்பு அந்தத் தீவுப் பட்டறையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவளாம். காபி குடிக்கும்போது அக்கா என்னைக் காட்டிச் சொன்னாள்.

"அந்தத் தீவுல ரெண்டாம் வரிசையில ஜம்முனு ஒரு இடம். இந்த மகராசன் கெடுத்துட்டான்."

சிர்பா கோப்பையைக் கீழே வைத்தாள். "நடுவுல காலியா கிடக்குமே, அதுவா?"

நான் தலையாட்டினேன்.

"அங்க பென்டின்னு ஒருத்தர் இருந்தாரு. உங்கள மாதிரிதான், படகுலயே குடித்தனம். படகுக்குப் புதுசு, ஒண்ணும் தெரியாது. உறையோட கயித்தைக் கொண்டுபோய் முட்டுக்கால்ல கட்டிட்டாரு."

 எங்கள் தொழிலில் யாரும் செய்யாத தப்பு அது. காற்றில் உறை படபடத்தால் கயிறு முட்டுக்காலைப் பிடுங்கிவிடும்.

"ஒரு சனிக்கிழமை பனிப்புயல். அவரு கீழ நின்னு வேலை பாத்துட்டு இருந்திருக்காரு. படகு அப்படியே சாஞ்சிடுச்சு. அவரோட கால் ரெண்டும் அடியில மாட்டிக்கிச்சு. உறை மொத்தமா மேல விழுந்து மூடிடுச்சு. கையால தள்ளித் தள்ளிப் பாத்திருக்காரு. கிழிக்க முடியல."

"ஒருத்தரும் பாக்கலையா?" அக்காவின் குரல் இறங்கிவிட்டது.

"நாங்க நாலு பேர் காபி ரூம்ல இருந்தோம். ஏதோ சரிஞ்ச சத்தம். கூரைப் பனின்னு விட்டுட்டோம். கொஞ்ச நேரத்துல சுத்தியல் சத்தம் கேட்டுது. 'பென்டி முட்டுக்கால் பாக்குறான் போல, பொறுப்பான ஆளு'ன்னு தைஸ்தோ சொன்னாரு. டொக்குனு கேக்குதே, தளர்ந்திருக்குமோன்னு ஒருத்தன் கேட்டான். அவரே இறுக்கிக்குவாருன்னு பேசிக்கிட்டோம். ஒரு மணி நேரத்துக்கு மேல தட்டுனாரு."

சிர்பா கையுறையை மாட்டிக்கொண்டாள். எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்புறம் சத்தம் நின்னுது. 'பாத்தீங்களா, இறுக்கிட்டாரு'ன்னு சொன்னது நான்தான்."